வெயில் பட்ட பிலிம்

சிலி நாட்டின் வல்பரைசோ துறைமுகத்து மதுக்கடையில் மதிய வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே, புகைப்படக்காரி எல்சிராவின் முன்னால் ராணுவ சார்ஜன்ட் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். "பிலிமைக் குடும்மா. கழுவிப் பாத்துட்டுத் தர்றோம்." இங்கே ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் எட்டு மாதமாகப் படமெடுத்துவருகிறாள் அவள். இன்றைய பிலிமில் ராணுவம் தேடுகிற நிவால்டோவும் விழுந்திருக்கிறான். மீசையை மழித்துவிட்டு அடுக்களையில் கோப்பை கழுவுகிறான் அவன். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் பெரெகிரினா. வயதான ஆட்டக்காரி, வாழ்நாளில் முதல்முறையாக இன்றுதான் தன்னைப் படமெடுக்கச் சம்மதித்தவள். "அதுல நான் அழகா இருக்கேன் சார்ஜன்ட், கண்ணு வச்சிராதீங்க," என்கிறாள். சார்ஜன்ட் நீட்டிய கையை மடக்கவில்லை. எல்சிரா எழுந்து மெதுவாக வாசலுக்கு நடக்கிறாள். வெயிலில் நின்று கேமராவின் முதுகைத் திறந்து, பிலிமை முழுவதுமாக உருவி வெளியே இழுக்கிறாள். "ஐயோ, கை தவறிடுச்சு." சார்ஜன்ட் அவளைக் கன்னத்தில் அறைகிறான். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போகிறான். "என் படமும் போச்சாடி?" என்கிறாள் பெரெகிரினா. "போச்சுக்கா." எல்சிரா உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறாள். பெரெகிரினா அவளுடைய விரல்களைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொத்திக்கொள்கிறாள். "சரி விடு. வேற கேமரா கிடைச்சதும் சொல்லியனுப்பு. மறுபடி உக்காந்து குடுக்கறேன்."