பக்கத்து இலை

முகூர்த்த மாதங்களில் கொடைக்கானல் பூக்களையும் அலங்காரத் தழைகளையும் மொத்தமாக வாங்கி, மதுரை மண்டபங்களில் இறக்குவது சிங்கராயரின் தொழில். அன்று சரக்கை இறக்கிய பிறகும் அவருக்கு வீட்டுக்குப் போக மனமில்லை. தாலி கட்டி முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரங்களாண்ணே?" என்று கேட்டாள் இலை போட்டுவந்த பெண்.

"ஆமாம்மா."

"மதினி வரலையா?"

மனைவி இறந்து ஆறு வருடம். "பின்னாடி வர்றா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப எடம் புடிச்சு வைக்கிறேன்" என்று பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டாள்.

அதிலும் சோறு வைத்தார்கள், சாம்பார் ஊற்றினார்கள். பந்தி எழுந்த பிறகும் சிங்கராயர் கை கழுவப் போகாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.