லாரித் தண்ணீர்

டயாலிசிஸ் அறையில் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடக்கும் அந்த இருவரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். நாளெல்லாம் குடிக்க அளந்து கிடைப்பது இரண்டு டம்ளர். மீதியைச் சின்ன வயது ஞாபகங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ரயில்வே காலனியில் வளர்ந்த கிழவர் அருளப்பன், கரி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் பெரிய குழாயின் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றதைச் சொல்வார். சொல்லிச் சொல்லி அந்தக் கதை வற்றிவிட்டது.

"நீ சொல்லும்மா" என்றார் இன்று, கண்ணைத் திறக்காமல்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் நஸ்ரினிடம் இருந்தது தண்ணீர் லாரி மட்டும்தான். பலமுறை சொன்னதுதான். தெருவே குடங்களோடு ஓடும். இவள் முண்டியடித்துக் குழாயைப் பிடித்து, முதலில் வாயை வைத்துக் குடிப்பாள்.

"ரப்பர் வாடைய விட்டுட்ட."

"ரப்பர் வாடை அடிக்கும், தாத்தா. அப்புறம் குடத்துல விடுவேன். பாதி ரொம்புறதுக்குள்ள லாரி கெளம்பிடும்."

இந்த இடத்தில் அவர் எப்போதும் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. ஊசி குத்திய கை அசையாமல் கிடந்தது. நர்ஸ் வந்து மெஷினைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"தூங்கிட்டீங்களா, தாத்தா?"

"இல்ல. வரிசையிலதான் நிக்கிறேன்." காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என் மொற வர்ற வரைக்கும் லாரிய போக விட்டுடாதம்மா."

லாரிக்காரனிடம் என்ன சொல்லி நிறுத்துவது என்று நஸ்ரின் யோசிக்க ஆரம்பித்தாள்.