கத்தியில் வெட்டிய பெயர்

"யாருங்க இந்த அஞ்சலி?" என்று சத்யப்ரியா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"சத்தியமா தெரியாதும்மா, காயலான் கடையில வாங்கின கத்தி!" என்றான் இளமாறன். பழைய கத்திகளைத் தேய்த்துப் புதுசாக்குவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல 'இளமாறன் – அஞ்சலி' என்று அதில் வெட்டியிருந்தது. கூடவே கல்யாணத் தேதி. அது வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

"தேதி வரைக்கும் குறிச்சாச்சா?"

அவன் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கத் துருவுக்கு அடியிலிருந்துதான் அந்த எழுத்துகள் வந்தன. எதிர்வீட்டு யூனிஸ் டீச்சர் பால்கனியிலிருந்து பார்த்திருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம்தான், சண்டை சுவாரஸ்யமாகப் போய்க்கொண்டிருந்தது.

சத்யப்ரியா விவாகரத்து வாங்கிக்கொண்டு கூடுவாஞ்சேரி அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். நாவலூர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த அஞ்சலியை இளமாறன் கட்டிக்கொண்டான், அதே தேதியில். கத்தியின் மறுபக்கத்துத் துருவை மட்டும் அஞ்சலி இன்றுவரை தேய்க்க விடவில்லை.