சுவரோரப் பனி

"அந்தக் கண்றாவியைப் பாருங்க," என்றாள் மார்லிஸ்.

எங்கள் தெரு டாரிலின் வீட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பனி உருகிப் புல் தெரிந்தது. ஜனவரி மாதத்தில், அதுவும் அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாவில்.

எங்கள் ஊரில் நாகரிகம் அதிகம். யாரும் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க மாட்டோம். வெளியே நின்று சுவரோரத்துப் பனியைப் பார்த்தே குடும்பத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடுவோம். இதில் மார்லிஸ்தான் எங்களுக்கெல்லாம் தலைமை நீதிபதி.

தெருவில் வந்த டாரிலை அவள் விடவில்லை.

"ஏன் தம்பி, ஊருக்கே ஹீட்டர் போடறியா? கான்கிரீட் தரையோட ஓரத்துல தெர்மாகோல் பலகை பதிக்கலைன்னா சூடெல்லாம் மண்ணுக்குத்தான் போகும்னு சொன்னேனா இல்லையா?"

"வர்ற கோடையில பதிச்சிடறேன்க்கா."

"போன கோடையிலயும் இதையேதான் சொன்னே. மீன் பிடிக்க மட்டும் நேரம் இருந்துச்சு. அந்த ஆர்விட்டைப் பாரு. தனி ஆளு. தானே பள்ளம் தோண்டி, வீட்டைச் சுத்திப் பலகை பதிச்சாரு. மூணு வாரமாப் பாக்கறேன், சுவரை ஒட்டி ஒரு விரக்கடை கூட உருகலை. மனுஷன்னா அப்படி இருக்கணும்."

"அவர் கெட்டிக்காரர்தான்."

"வா, அவர் வாயாலேயே கேளு. அப்பவாவது உனக்கு உறைக்குதா பாப்போம்."

இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

கதவு திறக்க நேரமானது. ஆர்விட் தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் கையுறையுமாக நின்றார்.

"எங்கேயோ கிளம்பிட்டீங்க போல?" என்றாள் மார்லிஸ்.

"இல்லையே. வீட்லதான் இருக்கேன்."

சொல்லும்போதே அவர் வாயிலிருந்து ஆவி வந்தது. பின்னால் மேஜை மேல் கோப்பையில் காப்பி உறைந்து கிடந்தது.

"கிறிஸ்துமஸோட ஹீட்டர் தொட்டியில காஸ் தீந்துபோச்சு," என்றார் தயக்கமாக. "மில்லு மூடினதுலேர்ந்து கொஞ்சம் கஷ்டம். பரவாயில்லை, ரொம்ப மோசமில்லை. உங்களை எல்லாம் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

மூன்று வாரமாக நாங்கள் மெச்சிய பனி அது. உள்ளே சூடு இருந்தால்தானே உருகுவதற்கு? எனக்கு வெட்கமாக இருந்தது. மார்லிஸ் குனிந்து சுவரோரப் பனியைப் பார்த்தாள்.

டாரில் மட்டும் உள்ளே போய் அவருடைய போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கிளம்புங்கண்ணே. எங்க வீட்ல சூடு வீணாத்தான் போய்ட்டிருக்கு."