நல்ல கை

ஆம்பூர் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் தேவசகாயத்தின் மேஜைமேல் ஒரு ஜோடி புது ஷூவை வைத்த பிறகுதான் தோல் கம்பெனி மேனேஜர் கங்காதரன் வாயைத் திறந்தார்.

"நம்ம லோகநாதன் ரோலர்ல கையைக் குடுத்துட்டான்பா. எலும்பு உடையலைன்னு டாக்டர் சொல்லணும். இல்லன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்துடுவாரு, ஒரே பேஜாரு."

"வலது கை பூரி மாதிரி வீங்கிக் கெடக்குதே சார்?"

"இடது கைக்கு இன்னா கேடு? நல்லாத்தானே இருக்குது, அதை எடு. படத்தைத் திருப்பி மாட்டிட்டா அதுதான் வலது கை!"

ஷூ சரியாகத் தன் அளவுதான் என்று பார்த்ததும் தேவசகாயத்துக்கு மறுயோசனையே வரவில்லை. ஷூவை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, முனகிக்கொண்டிருந்த லோகநாதனின் இடது கையைப் படம் எடுத்தான்.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்ததும் இருவர் முகமும் தொங்கிப்போயிற்று. மணிக்கட்டு எலும்பு உடைந்து, கோணலாக ஒட்டியிருந்தது.

"இந்தக் கை எப்போடா உடைஞ்சது?" என்று கத்தினார் கங்காதரன்.

"போன வருஷம் சார். இதே ரோலர்தான். நீங்கதானே சும்மா சுளுக்குன்னு எண்ணெய்க் கட்டு போட அனுப்பிவச்சீங்க?"

கங்காதரன் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். "வேற படம் எடுப்பா!"

"எதை சார் எடுக்கறது?" தேவசகாயம் ஷூவைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டான். "ஆண்டவர் ஆளுக்கு ரெண்டு கைதான் குடுத்தாரு. ரெண்டையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."