ஸ்பீக்கரில் ஒரு குரல்

எதிர் இருக்கைக்காரர் மின்சார ரயிலில் ஏறியதிலிருந்தே செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பட்டாணியைக் கொறித்தபடி மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி முழுக்க அவள் குரல்தான். தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் கிளம்பியதற்கு ஒரு பாட்டு விழுந்தது. கேட்காமல் தங்கைக்குச் சேலை எடுத்ததற்கு இன்னொன்று.

"சார், உங்க வீட்டுச் சண்டைய நாங்க எதுக்குக் கேக்கணும்? காதுல வச்சுப் பேசுங்களேன்," என்றாள் ஜன்னலோரப் பெண்.

"காதுல வச்சா செவிடாயிடுவேன் மேடம்," என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த தணிகைவேல் சிரிக்கவில்லை. அவன் மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. அந்த மடியிலிருந்து எழுந்த ஒவ்வொரு திட்டும் அவன் வயிற்றை எரித்தது. இவ்வளவு கிடைத்தும் பட்டாணி தின்றுகொண்டிருக்கிறானே இந்த ஆள்.

"என்னங்க," என்றது போன். அவர் மென்றார். "என்னங்க, கேக்குதா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும், "என்னங்க."

"சொல்லும்மா," என்றான் தணிகைவேல், பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி.

அவர் பதறிப்போய் போனைக் கையால் பொத்தினார். "என்ன சார் இது? அவ என்னையில்ல கூப்பிட்டா?"

"தெரியும். நீங்க பதில் சொல்லலையே."

பொத்திய விரல்களின் இடுக்கில் அவள் குரல் இறங்கி ஒலித்தது. "ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு? உடம்புக்கு முடியலையா?"

பதில் சொல்ல இரண்டு பேருமே வாயைத் திறந்தார்கள்.