தலைவர் நாற்காலியின் ஆணி

ஒரு நாட்டில் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு தேக்கு நாற்காலிதான் தலைவர். அதற்கு அடியிலேயே பந்தைப் போட்டு வைத்திருந்தார்கள். நாற்காலியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி குத்திக் குத்தி, பாவம், பந்தில் காற்றே நிற்பதில்லை. அணி மறுபடியும் தோற்றது.

அவசரக் கூட்டம் கூடியது.

"தலைவரே, உங்க ஆணிதான் என்னைக் குத்துது," என்றது பந்து.

நாற்காலி யோசித்தது. "பயிற்சியாளரா இருக்கிற விசில் சரியில்லை. மாத்திடுவோம்."

சுற்றியிருந்த நாற்காலிகள் ஆமாம் போட்டன.

வெளிநாட்டிலிருந்து வெல்வெட் பெட்டியில் புது விசில் வந்து இறங்கியது. மாலை மரியாதையெல்லாம் முடிந்ததும் அது பந்திடம் குனிந்து கேட்டது: "ஏன் இப்படிச் சப்பையாக் கிடக்கிறே? தலைவர்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். அதனாலதான் நீ வந்திருக்கே," என்றது பந்து. "அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுடாதே."